தோள் உயரம்

வாசலில் சரக்கு ஆட்டோ ஒன்று வந்து நின்று, "சனாவுல்லா பாய் வீடு இதானே?" என்று ஓர் ஆண்குரல் கேட்டபோது நசீம் பானு உள்ளறைக் கட்டிலில் தஸ்பீஹ் மணியை உருட்டிக்கொண்டிருந்தாள். விரல் அப்படியே நின்றுவிட்டது. புருஷன் சனாவுல்லா மௌத்தாகி ஒரு மாதம் தாண்டிவிட்டது. விஷயம் தெரியாமல் அவர் பேரைச் சொல்லிக்கொண்டு இன்னும் ஒருத்தர் வந்து நிற்பார் என்று அவள் நினைத்திருக்கவில்லை. எழுந்து போய்ப் பார்க்கவும் முடியாது. புருஷனை இழந்தவள் நாலு மாதம் பத்து நாள் இருக்க வேண்டிய இத்தாவில் அவள் இருந்தாள். வெள்ளைச் சேலை, வளையல் கழற்றிய கை, அந்நிய ஆண்கள் கண்ணில் படாமல் உள்ளறையோடு இருப்பு. அறை வாசலில் மகன் யாசின் தடித்த திரை ஒன்றைத் தொங்கவிட்டிருந்தான். ஒரு மாதமாக உலகம் முழுக்க அந்தத் திரைக்கு அந்தப் பக்கம்தான் நடந்துகொண்டிருந்தது.

கூடத்தில் யாசின் எழுந்து போவது கேட்டது.

"நான் அழகருங்க. வத்தலக்குண்டு ரோட்டுல பட்டறை வச்சிருக்கேன். பாய் சொன்ன ஏணி ரெடியாகிருச்சு. போன் அடிச்சு அடிச்சுப் பாத்தேன், எடுக்கல. அதான் கையோட கொண்டாந்துட்டேன்."

"அத்தா தவறிட்டாருங்க" என்றான் யாசின். "போன மாசம்."

ஆட்டோ எஞ்சின் அணைந்தது. "நல்லாத்தானே தம்பி இருந்தாரு" என்றார் அழகர். அதைத்தான் ஊரே சொன்னது. விடிகாலை பஜ்ர் தொழுதுவிட்டு வந்து, டீயை ஆற்றி வைக்கச் சொல்லி, நாற்காலியில் சாய்ந்தவர் சாய்ந்தவர்தான்.

அந்த வீட்டுக் கூடத்தின் மூலையில், தலைக்கு மேலே பலகைத் தளத்தில் ஒரு சதுரத் திறப்பு உண்டு. அதற்கு மேலே, ஓட்டுக்கு அடியில், ஆள் குனிந்து நடக்கிற உயரத்தில் மச்சு. சனாவுல்லாவின் பிழைப்பு முழுக்க அந்த மச்சில்தான் அடுக்கியிருந்தது. கல்யாணம், கத்னா, ஃபாத்திஹா என்று எந்த விசேஷத்துக்கும் வாடகைக்குப் போகும் பாத்திரங்கள். பிரியாணி தேக்சாக்கள், வாளிகள், எல்லாவற்றுக்கும் மேலாக சஹன்கள். நாலு பேர் சுற்றி உட்கார்ந்து ஒன்றாகக் கைபோட்டுச் சாப்பிடுகிற அந்த அகலத் தட்டுகளுக்கு பேகம்பூரில் தன்னை விட்டால் ஆள் கிடையாது என்பது அவருடைய தீராத பெருமை. மூங்கில் ஏணியைச் சாத்தி அவர் ஏறுவார். மேலிருந்து ஒவ்வொரு சஹனாக இறக்கிக் கொடுப்பார், கீழே நின்று அவள் வாங்குவாள். "பிடி" என்பார். அவள் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு "ஆச்சு" என்று சொன்ன பிறகுதான் விடுவார். கல்யாணமான புதிதில் அவள் சரியாகப் பிடிப்பதற்குள் அவர் விட்டுவிட, சஹன் அவள் கால் கட்டைவிரலில் விழுந்து நகமே போயிற்று. அதற்கப்புறம் அந்த வார்த்தை காதில் விழாமல் ஒரு சஹன்கூட அவர் கையை விட்டு இறங்கியதில்லை. அவளை மட்டும் ஏற விட்டதே கிடையாது. "நீ ஏறுனா ஏணியப் பிடிக்கவா, ஒன்னயப் பிடிக்கவா?" என்று கேலி பேசுவார். வாழ வந்த நாளிலிருந்து தன் வீட்டு மச்சின் உள்பக்கத்தை அவள் கண்ணால் கண்டதில்லை.

மௌத்தாவதற்குச் சில வாரங்களுக்கு முன்னால் அந்த மனுஷனுக்குத் திடீரென்று ஏணிப் பைத்தியம் பிடித்தது. இழுத்தால் இறங்கி வந்து, தள்ளினால் மடங்கித் தளத்துக்குள் போய் ஒளிந்துகொள்ளும் ஏணிகளைப் போனில் வீடியோ வீடியோவாகப் பார்த்தார். கத்தரிக்கோல் மாதிரி விரிகிற ஒன்று, குழாய்க்குள் குழாயாகச் சுருங்குகிற ஒன்று, மூன்றாக மடிகிற ஒன்று. "பானு, இங்க பாரு, இதுல எது தேவல?" என்று சமையல்கட்டுவரை வந்து காட்டினார். கத்தரிக்கோல் ஏணி விரலை நசுக்கிவிடும், குழாய் ஏணியில் படி உருண்டையாக இருப்பதால் கால் வழுக்கும் என்று அவரே குறை கண்டுபிடித்து, கடைசியில் அகலப் படி வைத்து மூன்றாக மடியும் ஏணியில் வந்து நின்றார். "கைப்பிடி எந்தப் பக்கம் இருந்தா நல்லது?" என்று கேட்டார்.

"நானா ஏறப்போறேன்? ஒங்களுக்கு எது தோதோ அதப் போடுங்க. இருக்குற மூங்கி ஏணி என்ன பாவம் பண்ணுச்சாம்?" என்றாள் அவள், வெங்காயத்திலிருந்து கண்ணை எடுக்காமலே.

மறுவாரமே மூங்கில் ஏணியைப் பள்ளிவாசலில் வெள்ளையடிக்கக் கொடுத்துவிட்டார். வயசான காலத்தில் வந்த விளையாட்டுப் புத்தி என்று அவள் சிரித்துக்கொண்டாள்.

இப்போது அந்த ஏணி வந்திருக்கிறது, ஏற ஆள் இல்லாத வீட்டுக்கு. யாசினுக்கு அது இன்னொரு தலைவலி. அவன் திருப்பூரில் பனியன் கம்பெனி ஒன்றில் நல்ல வேலையில் இருந்தான். மனைவி ஷாஹினாவும் பிள்ளைகளும் அங்கே. இத்தா முடிந்ததும் அம்மாவை அங்கே கூட்டிப்போய்விடுவது, பாத்திரங்களை மொத்தமாகத் தள்ளிவிடுவது என்று முடிவெடுத்திருந்தான். நத்தத்து வியாபாரி ஒருவர் சனிக்கிழமை எடுக்க வருவதாகப் பேச்சு. அதற்கு முந்தின நாள் வெள்ளிக்கிழமை நாற்பதாம் ஃபாத்திஹா. அதற்குக்கூட ஹோட்டலில் பெட்டிப் பிரியாணிக்குச் சொல்லியாகிவிட்டது. "ஒங்க அத்தா ஃபாத்திஹாவுக்கு அட்டப்பெட்டிச் சோறாடா? அவரு சஹன்ல நாலு பேரு ஒண்ணா ஒக்காந்து சாப்பிட வேணாமா?" என்று அவள் கேட்டதற்கு, "மேல ஏறி யாரும்மா எறக்குறது? ஏணியும் இல்ல, ஏறுன ஆளும் இல்ல" என்றான்.

அவன் கெட்டவன் இல்லை. அத்தா போன அன்றைக்குத் திருப்பூரிலிருந்து பஸ்ஸில் நின்றபடியே அழுதுகொண்டு வந்தவன். தனியாக விட்டால் அம்மாவும் ஒரு காலையில் நாற்காலியில் சாய்ந்துவிடுவாள் என்ற பயம் அவனை ஆட்டியது. அவளுக்கோ இந்த வீட்டில் இந்தத் தொழிலோடு இருந்து கண்ணை மூட வேண்டும். விசேஷ வீட்டுக்காரர்கள் கூடத்தில் வந்து உட்கார்ந்து, இத்தனை பேருக்கு எத்தனை சஹன் என்று அவளிடம் யோசனை கேட்க வேண்டும். திருப்பூரில் அவன் வீட்டு மூன்றாவது மாடியில் பால்கனிக் கம்பியைப் பார்த்துக்கொண்டு உட்கார அவளால் ஆகாது. இதைச் சொன்னால் "எப்புடிம்மா?" என்று ஒரே ஒரு வார்த்தை கேட்பான். அதற்குத்தான் அவளிடம் பதில் இல்லை.

"திருப்பி எடுத்துட்டுப் போயிருங்கண்ணே" என்று யாசின் அழகரிடம் சொல்வது கேட்டது.

"கொண்டுபோயி என்ன தம்பி பண்றது? இந்தத் தெறப்போட அளவுக்குச் செஞ்சது. வேற எந்த வீட்டுலயும் உக்காராது."

"சரி, மாட்டிருங்க" என்றான் யாசின். "வீட்ட விக்கும்போது ஒதவும்."

திரைக்குப் பின்னால் நசீம் பானு அதைக் கேட்டாள். வீட்டை விற்பது என்ற பேச்சை அதுவரை அவன் எடுத்ததில்லை. பெற்றவளிடம் சொல்லாததை ஏணிக்காரரிடம் சொல்கிறானே என்று நெஞ்சு கசந்தது.

பகல் முழுக்கத் துளைபோடும் சத்தம். பழைய தேக்குச் சட்டத்தை அறுத்த தூள் திரைக்கு அடியில் புகுந்து அவள் தொழுகைப் பாய்வரைக்கும் வந்தது. அழகர் வேலை செய்துகொண்டே பேசுகிற ஆள். ஸ்பிரிங்கைக் கொஞ்சம் தளர்த்தினால்தான் வயசானவர்கள் இழுக்க லேசாக இருக்கும் என்றார். ஆத்தூரில் ஒரு வீட்டில் மாட்டிய ஏணியில் பூனை ஏறிப் பழகிவிட்டது என்றார். யாசின் ஏணியைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு ம் கொட்டினான். மதியம் லுஹர் தொழுகைக்கு அப்புறம் எல்லாம் முடிகிற சமயத்தில் அழகர் கேட்டார்.

"தம்பி, மூடிய இழுக்குற கம்பிய எந்த ஒயரத்துல வெட்டி வளையம் போட? அம்மா செத்த நேரம் வந்து கையத் தூக்கிக் காட்டுனா சரியா இருக்கும்."

"அம்மா இத்தால இருக்காங்கண்ணே. வெளி ஆளுக முன்னாடி வரக்கூடாது."

"ஓ, சரி சரி. அப்ப பாய் சொன்ன அளவுலயே வெட்டிர்றேன்."

"அத்தா என்ன சொன்னாரு?"

நசீம் பானு எழுந்து திரையை ஒட்டி வந்து நின்றாள்.

"அளவெடுக்க வந்தன்னைக்கு, பாய், ஒங்க கைக்கு எட்டுற மாதிரி வச்சிரவான்னு கேட்டேன். 'நான் எங்கப்பா ஏறப்போறேன், இனிமே அவதான் ஏறணும்'னாரு. டாக்டரு அவரப் படியேறக் கூடாதுன்னுட்டாராம்ல. அப்ப அம்மாவக் கூப்புடுங்க, நேர்லயே அளந்துருவோம்னேன். 'வேணாம், கூப்புட்டா ஏன் எதுக்குன்னு நூறு கேள்வி கேப்பா. எனக்குத் தெரியாதா அவ ஒயரம்?'னு சொல்லி, இந்தா, இப்புடித் தோளத் தட்டிக் காமிச்சாரு. 'இது வரைக்கும் வருவா. அங்கருந்து கையத் தூக்குனா எம்புட்டோ அம்புட்டு வச்சுக்க'ன்னாரு. கைப்பிடியும் எடது பக்கந்தான், அவளுக்கு வலது முட்டி ஆகாதுன்னாரு."

யாசின் மெதுவாகக் கேட்டான். "எந்த டாக்டரு?"

"அது தெரியலையே தம்பி. வீட்டுல எல்லாருக்கும் தெரியும்னுல்ல நெனச்சேன்."

நசீம் பானு திரையைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்தாள். முதலில் கோபம்தான் வந்தது. அவருக்குத் தெரிந்திருக்கிறது. நாள் எண்ணிக்கொண்டு இருந்திருக்கிறார். அன்றைக்கு அந்த ஆள் வந்ததும் அவளுக்கு ஞாபகம் இருந்தது. டீ போட்டுக் கொடுத்ததே அவள்தான். இந்தப் பக்கம் அவள் டீ ஆற்றிக்கொண்டிருக்க, அந்தப் பக்கம் அவர் தோளைத் தட்டி, தான் இல்லாத காலத்துக்கு அளவு சொல்லிக்கொண்டு இருந்திருக்கிறார். பட்டறைக்காரரிடம் சொல்ல வந்த வாய் பக்கத்தில் படுத்திருந்தவளிடம் சொல்ல வரவில்லையே. எதிரில் இருந்தால் நாலு வார்த்தை கேட்டுச் சண்டை போடலாம். கபரில் இருப்பவரோடு என்னத்தைச் சண்டை போடுவது? முந்தானையை வாயில் வைத்து அடைத்துக்கொண்டு அவள் அழுதாள்.

அழகர் கிளம்பிப் போனார். சாயங்காலம் அஸர் தொழுகைக்குப் பாங்கு சொன்னதும் யாசின் பள்ளிவாசலுக்குப் போனான். அவள் தொழுது முடித்து, திரையை விலக்கிக்கொண்டு கூடத்துக்கு வந்தாள்.

மூலையில் பலகைத் தளத்தோடு தளமாகப் புது மூடி பொருந்தியிருந்தது. அதன் நடுவிலிருந்து மெல்லிய கம்பி ஒன்று இறங்கி, நுனியில் பித்தளை வளையத்தோடு தொங்கியது. அவள் கம்பிக்கு நேர் கீழே போய் நின்று பிஸ்மில்லா சொல்லிக் கையைத் தூக்கினாள். எட்டவில்லை. முந்தானையைச் சொருகிக்கொண்டு மறுபடி தூக்கினாள். குதிகாலை எம்பினாள். முதுகெலும்பில் சுருக்கென்று வலித்ததே தவிர, விரல் நுனிக்கும் வளையத்துக்கும் நடுவே ஒரு சாண் அப்படியே இருந்தது.

அவளுக்குப் புரிந்துவிட்டது. நிக்காஹ் முடிந்து முதன்முதலாக அவர் பக்கத்தில் நின்றபோது, "பொண்ணு சரியா தோளுக்கு இருக்கு" என்று அவருடைய அக்கா, லாத்தா என்று எல்லாரும் கூப்பிடுகிறவள், சொல்லிச் சிரித்தாள். அந்த உயரத்தைத்தான் அவர் அழகருக்குச் சொல்லியிருக்கிறார். எலும்பு தேய்ந்து, முதுகு கூனி, அவள் வருஷா வருஷம் கரைந்துகொண்டு வந்தது அவர் கண்ணில் படவே இல்லை. படாமல் பார்த்துக்கொண்டவளும் அவள்தான். சமையல்கட்டில் மேல் தட்டில் இருந்த சீரக டப்பா எட்டாமல் போனபோது அடுத்த தட்டுக்கு இறக்கினாள். அதுவும் எட்டாமல் போக அதற்கடுத்த தட்டு. "என்ன பானு, டப்பாவெல்லாம் எடம் மாறிக்கிட்டே இருக்கு?" என்று அவர் கேட்டதற்கு, மேலே எறும்பு வருகிறது என்றாள். சேலையை இடுப்பில் இன்னும் கொஞ்சம் ஏற்றிச் சொருகிக்கொண்டாள். டாக்டர் சொன்ன சுண்ணாம்புச் சத்து மாத்திரையை, அவர் கேட்டால் வாயு மாத்திரை என்றாள். பாவம், ஏற்கெனவே கவலைப்படுகிற மனுஷன், இதையும் எதற்குச் சொல்வது என்று நினைத்தாள். அவரும் அதையேதான் நினைத்திருப்பார். கொஞ்ச நேரத்துக்கு முன்னால் வந்த கோபம் இப்போது யார்மேல் போய் விழுவதென்று தெரியாமல் தவித்தது.

யாசின் திரும்பி வந்தபோது அவள் வளையத்துக்குக் கீழே, கையைத் தொங்கவிட்டுக்கொண்டு நின்றிருந்தாள்.

"எட்டலையாம்மா?"

பொய் சொல்ல நினைத்தாள். வரவில்லை. "எட்டல."

"அத்தா தப்பா சொல்லிட்டாரு."

"தப்பில்லடா. அவுக கண்ணுக்கு நான் அம்புட்டு ஒயரமாத்தான் இருந்திருக்கேன்."

அவன் பக்கத்தில் வந்து நின்றான். அவனுக்கு அப்படியே அத்தாவின் உயரம். குனிந்து அவள் உச்சந்தலையைப் பார்த்தான். அது அவன் தோளுக்கு வரவில்லை, கைமடிப்புக்கும் தோளுக்கும் நடுவில் எங்கேயோ நின்றது. மாதம் ஒருமுறை வந்து, சாப்பிட்டு, சலாம் சொல்லிப் போகிறவன் அம்மாவின் பக்கத்தில் இப்படி நேராக நின்று ரொம்ப காலம் ஆகியிருந்தது.

"எப்பம்மா இம்புட்டுக் கொறஞ்சு போன?" என்று கேட்கும்போது அவன் குரல் உடைந்தது.

அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "ஒரு கயித்த எடுத்துட்டு வா. வளையத்துல சேத்துக் கட்டிருவோம்" என்றான்.

"கட்டலாம். இன்னைக்கு வேணாம். நீ ஏணிய எறக்கு."

"எதுக்கும்மா?"

"நான் ஏறணும்."

"விழுந்து கிழுந்து வச்சீன்னா நான் என்னம்மா செய்வேன்?"

"எறக்குடா."

அவன் வளையத்தைப் பிடித்து இழுத்தான். மூடி சத்தமில்லாமல் கீழே சாய, ஏணி மடிப்பு மடிப்பாக விரிந்து தரையில் வந்து நின்றது. புது மரத்தின் வாசனை அடித்தது. அவள் இடது கையால் கைப்பிடியைப் பற்றி, இடது காலை வைத்து, வலது காலை மெதுவாகப் பக்கத்தில் சேர்த்துக்கொண்டு, குழந்தை ஏறுகிற மாதிரி ஒவ்வொரு படியாக ஏறினாள். யாசின் பின்னாலேயே இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றான். வலது முட்டி ஒருமுறைகூட உறுத்தவில்லை. அதில் மட்டும் அவர் கணக்குப் பிசகவில்லை.

தலை மச்சுக்குள் நுழைந்ததும் கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. பிறகு ஓட்டில் பதித்திருந்த கண்ணாடி வழியாக இறங்கிய வெளிச்சம் பழகியது. பெரிய தேக்சாக்கள் எல்லாம் கடைசிச் சுவரோரம் தள்ளிவிடப்பட்டிருந்தன. அவளால் அவற்றைத் தூக்க முடியாது. திறப்பைச் சுற்றி, உட்கார்ந்த இடத்திலிருந்து கை நீட்டினால் எட்டுகிற தூரத்தில், சஹன்கள் சின்னச் சின்ன அடுக்குகளாக இருந்தன. ஒவ்வொரு அடுக்கின் மேலும் தூசி படாமல் அவருடைய பழைய கைலியைக் கிழித்துப் போர்த்தியிருந்தது. படியேறக் கூடாதென்று டாக்டர் சொன்ன பிறகு, பள்ளிவாசலுக்கு ஏணியைக் கொடுப்பதற்கு முன்னால், அவர் இதைச் செய்திருக்க வேண்டும். அன்றைக்கு அவள் கீழே நின்று, "மேல ஏறுனா எறங்க மனசே வராதே ஒங்களுக்கு" என்று கத்தியிருப்பாள். என்றைக்கு என்பது எவ்வளவு யோசித்தும் ஞாபகம் வரவில்லை. அதுதான் அவளை அறுத்தது. அப்படிக் கத்திய நாட்கள் அத்தனை இருந்தன.

திறப்பின் விளிம்பில் பலகை ஓரிடத்தில் மட்டும் வழவழவென்று தேய்ந்திருந்தது. அவர் உட்கார்ந்து இறக்கிக் கொடுக்கிற இடம். அவள் அங்கேயே உட்கார்ந்தாள்.

"அம்மா, போதும். எறங்கி வா."

அவள் பக்கத்து அடுக்கிலிருந்து கைலித் துணியை நீக்கி மேல் சஹனை எடுத்தாள். இத்தனை வருஷம் வாங்கிய கைக்குக் கொடுப்பது புதிதாக இருந்தது. குனிந்து, திறப்பு வழியாக அதைக் கீழே நீட்டினாள். அவள் நிற்கிற இடத்தில் யாசின் நின்றான்.

"எதுக்கும்மா இப்ப இது?"

"வெள்ளிக்கெழம ஃபாத்திஹாவுக்கு."

"பெட்டிக்குச் சொல்லியாச்சும்மா. சனிக்கெழம நத்தத்துக்காரரு வேற..."

"பிடி" என்றாள்.

அவன் சற்று நேரம் அண்ணாந்து பார்த்தான். பிறகு இரண்டு கையையும் உயர்த்தி சஹனின் விளிம்பைப் பிடித்தான். அவள் விடவில்லை.

"பிடிச்சிட்டேன். விடும்மா."

அவள் விடவில்லை. "ஆச்சு" என்ற அந்தச் சொல் இல்லாமல் விட அவள் விரல்களுக்குத் தெரியவில்லை. அவனுக்கும் அது தெரியும். தொட்டிலில் கிடந்த நாளிலிருந்து இந்தக் கூடத்தில் கேட்டு வளர்ந்தவன். சொன்னால் ஒரு சஹனோடு நிற்காது, அடுத்தது வரும், அதற்கடுத்தது வரும் என்பதும் தெரிந்திருக்கும். அவன் உதடு பிரிந்தது. மேலிருந்து ஒரு சொட்டு சஹனில் விழுந்து, பள்ளத்தை நோக்கி மெதுவாக ஓடியது. மேலே அவளும் கீழே அவனும் ஆளுக்கொரு பக்கம் பிடித்தபடி, சஹன் ஏணியருகே அந்தரத்தில் நின்றது.